லத்தேரி வரை

பதினைந்துக்கு மூன்று என்றார் டாக்டர்.
மூன்றாவது இருக்கிறதே என்று
ஒரு நொடி நிம்மதி.
பிறகு நர்ஸ் பிரித்துச் சொன்னாள்:
கண்ணுக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று, அசைவுக்கு ஒன்று.
ஒன்றுக்குக் கீழே போடமாட்டார்கள்.
அவர் படுத்திருக்கும் கட்டிலுக்கு மார்க் போட்டாலும்
மூன்று வரும்.

ஏகாம்பரம், வயது நாற்பத்து நான்கு.
வேலூர் குடியாத்தம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர்.
பாலாற்றுப் பாலம் தாண்டி விருதம்பட்டில்
படிக்கட்டிலிருந்து விழுந்தார்.
சிதறிய சில்லறையை யாரோ பொறுக்கி
கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்தார்கள்.
இருநூற்றுப் பதினேழு ரூபாய்.

"தூங்குறாருன்னு நெனச்சுக்கோ அண்ணி" என்றான் கொழுந்தன்.
பதினெட்டு வருஷம் பக்கத்தில் படுத்தவள் நான்.
தூக்கத்தில் அவர் கொசு அடிப்பார்,
காலால் போர்வையைத் தேடுவார்,
உதட்டைக் குவித்து விசில் கொடுப்பார்.
தூங்குகிறவனை எழுப்பலாம்,
தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்பார்கள்.
இவர் இரண்டும் இல்லை.
இதற்கு நம்மிடம் பழமொழி இல்லை.

காந்தி ரோட்டு லாட்ஜில் அடுத்த அறை வங்காளத்துக்காரிக்கு.
அவள் மகனும் அதே வார்டில்.
அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு அவள் பாஷை வராது.
காலையில் மாடிப்படியில் விரல்களைக் காட்டுவாள்.
அவள் ஆறு. நான் ஐந்து.
மறுநாளும் அவள் ஆறு.
நர்ஸ் நெஞ்சில் அழுத்தியபோது
இவர் கை எழுந்து வந்து அவள் கையைத் தட்டிவிட்டிருந்தது.
வலி எங்கே என்று கைக்குத் தெரிகிறது, நல்லது என்றார்கள்.
இப்படியும் ஒரு நல்லது.
என் ஏழு விரல்களை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தேன்.
பிடித்து இழுத்து எண்ணினாள்.
எண்ணிவிட்டுச் சிரித்தாள்.

இருபத்து மூன்றாம் நாள் கண் திறந்தார்.
சினிமாவாக இருந்தால் அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.
கண் என்மேல் பட்டது, என்னைத் தாண்டிப் போனது,
ஓடும் பஸ்ஸிலிருந்து பார்க்கிற பனைமரம் நான்.
கண் திறப்பது வேறு, விழிப்பது வேறு என்று
சின்ன வயசு டாக்டர் ஒருத்தி
கேஸ் ஷீட்டின் பின்னால் கோடு போட்டுக் காட்டினாள்.
ஏறியது, படுத்தது, இறங்கியது, கொஞ்சம் ஏறியது.
இது எங்கே போய் முடியும்மா என்றேன்.
பேனாவை மூடினாள். தெரியாது என்றாள்.
அத்தனை பேரில் அவளை மட்டும் நம்பினேன்.

ஒரு காலை மாடிப்படியில் யாரும் இல்லை.
பக்கத்து அறை வாசலில் வேறு குடும்பத்தின் ஈரத்துணி.
காட்பாடியில் எத்தனை பேராக ரயில் ஏறினார்கள்
என்று கேட்கக்கூட
எனக்குப் பாஷை இல்லை.

தொண்டைக் குழாயை எடுத்த மறுவாரம் பேசினார்.
என் பெயர் இல்லை. மகள் பெயரும் இல்லை.
"உள்ள போ."
வார்டே சிரித்தது. நானும்.

பாகாயத்தில் நிற்கப் பழக்கினார்கள்.
பிடித்து நிறுத்திய பையனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்.
ஸ்பூனைக் காதில் செருகிக்கொண்டார்.
என் அப்பா செத்ததைச் சொன்னேன், அழுதார்.
மறுநாள் மாமா எங்கே என்றார்.
மூன்றாம் நாள் நான் சொல்லவில்லை.
தினமும் ஊர்களை வரிசையாகச் சொல்லவைப்பேன்.
காட்பாடி. லத்தேரி.
அதற்கப்புறம் நெற்றி வியர்க்கும்,
கே.வி.குப்பம் வராது, தலையணை பறக்கும்.

நேற்று சாயங்காலம், வீட்டில்,
இடது கையை என்முன் நீட்டினார்.
"டிக்கெட்."
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தேன்.
"குடியாத்தம் ஒண்ணு."
காசையே வெகுநேரம் பார்த்தார்.
"வண்டி லத்தேரியோட நிக்கும்மா."
"சரி, அங்கயே எறங்கிக்கறேன்."
மீதிச் சில்லறையை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார்.
இரண்டு ரூபாய் கூட இருந்தது.
நான் சொல்லவில்லை.