ஜூலையில் இழைப்புளி விற்பதில்லை

அதைக் கீழே வையுங்கள், தோன் எரால்டோ.
ஸ்வீடன் இரும்பு, இருபத்தெட்டாயிரம் பேசோ,
விற்றால் எனக்குக் கமிஷன்கூட உண்டு.
இருந்தாலும் வையுங்கள்.

ஜன்னலைப் பாருங்கள்.
அன்குத் ஊரில் பதினோரு நாளாய் மழை.
கரையேற்றிய படகுகளே ஊறிப் பருத்துக் கிடக்கின்றன,
உங்கள் கதவு மட்டும் விரதமா இருக்கும்?
வெட்டி நாற்பது வருடமானாலும்
மரம் தண்ணீர் குடிப்பதை விடாது.
இன்றைக்கு இழைத்தால்
ஜனவரி வெயிலில் அது சுருங்கும்போது
அந்தச் சந்து வழியே
பக்கத்து வீட்டுப் பூனை
கேட்காமல் வரும், கேட்காமல் போகும்.

பட்டுத்தான் சொல்கிறேன்.
மூன்று குளிர்காலம், மூன்று தடவை இழைத்தேன்,
மூன்றும் கோபத்தில்.
இழைப்பது கோபத்துக்கு நல்லது.
கதவுக்கு ஆகாது.
இப்போது அந்தப் பூனைக்குப் பெயர்கூட வைத்தாயிற்று.

முதலில் சொல்லுங்கள், எங்கே பிடிக்கிறது?
'எல்லா இடத்திலும்' என்று சொல்லாதீர்கள்.
எந்தக் கதவும் எல்லா இடத்திலும் பிடிப்பதில்லை.
கதவின் விளிம்பில் சாக்பீஸ் தேயுங்கள்,
ஒருமுறை சாத்தித் திறங்கள்.
நிலையில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ
அதுதான் இடம்.

மேல் மூலையா? கைப்பிடி இருக்கிற பக்கமா?
அப்படியானால் மரத்தின் மேல் பழியில்லை.
கைப்பிடியை மேலே தூக்கிப் பாருங்கள்.
கதவு லேசாய் எழும்பினால்
மேல் கீல் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம்.
திருப்புளி வைத்தால் ஸ்க்ரூ சுற்றும்,
சுற்றிக்கொண்டே இருக்கும்,
ஒன்றையும் பிடிக்காது.

சிரிக்கிறீர்கள்.
சரி, சிரிக்கிற விஷயம்தான்.

தீக்குச்சி எடுங்கள். மருந்துத் தலையைக் கிள்ளிவிடுங்கள்.
மரப்பசையில் தோய்த்து
ஓட்டைக்குள் நாலோ ஐந்தோ
இதற்கு மேல் போகாது என்கிறவரை தட்டி இறக்குங்கள்.
பிறகு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள்.
நடுவில் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.
தொடாதீர்கள்.
காலையில் நீட்டிக்கொண்டிருப்பதைச் சீவிவிட்டு
அதே ஓட்டையில் அதே ஸ்க்ரூ.
ஒன்றுக்கு மட்டும் மூன்று அங்குல நீளத்தில் தருகிறேன்:
அது நிலையைத் தாண்டிப் போய்
சுவருக்குள் இருக்கிற கட்டையைப் பிடிக்கும்.

கீலைக் கழற்றும்போது
கதவைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும்.
தோன்யா ஓல்காவிடம்...

ஓ.
எப்போதிலிருந்து?

இல்லை, எனக்குத் தெரியாது.
எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆள் இல்லாவிட்டால் பழைய பத்திரிகைகள் போதும்.
கதவுக்கு அடியில் ஒவ்வொன்றாய்ச் செருகுங்கள்,
எடை கீலை விட்டுப் பத்திரிகைக்கு இறங்கும்வரை.
படகு எஞ்சினையே தனியாய் இறக்கியவர் நீங்கள்,
உங்களுக்கா சொல்ல வேண்டும்.

சனிக்கிழமையா?
தையல் மெஷினை எடுத்துப் போகவா?
அதனால்தான் இழைப்புளி.
வந்து நிற்கும்போது
ஒரே தள்ளலில் திறக்க வேண்டும்,
'இதைக்கூடச் சரி செய்யவில்லை' என்று
அவர் நினைத்துவிடக் கூடாது.

இன்று வியாழன்.
இன்றிரவு பசை, நாளை ஸ்க்ரூ.
நேரம் இருக்கிறது.

பிடிக்கிற இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள்,
குளிர்காலம் முழுக்க அதுவே தாங்கும்.
ஜனவரியிலும் பிடித்தால் வாருங்கள்,
அப்போது விற்கிறேன் இந்த இழைப்புளியை.
மேல் விளிம்பை இழைப்பதானால்
இரு முனையிலிருந்தும் நடுவை நோக்கி, மறக்காதீர்கள்.
வெளிப்பக்கம் ஓட்டினால் மூலை சிராய் சிராயாய்ப் பெயரும்.
அப்புறம் அடிவிளிம்புக்கும் பெயிண்ட்.
யாரும் அடிப்பதில்லை அங்கே,
கண்ணுக்குத் தெரியாத இடம் பாருங்கள்,
தண்ணீர் ஏறுவது அது வழியாகத்தான்.

எட்டு ஸ்க்ரூ, ஒரு சின்னப் பசை.
தீப்பெட்டி என்னுடையது, வைத்துக்கொள்ளுங்கள்,
புகை விட்டு ஒரு மாதமாகிறது.

பார்த்து.
இல்லை, பூட்டவில்லை.
கீழே காலால் ஒரு உதை, மேலே தோளால் ஒரு தள்ளு.
ஜூலையில் எங்கள் கடைக் கதவும் அப்படித்தான்.