உதடு மூன்று முறை மூடியது

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி இறங்கினேன்.
வரி கட்டிய பனைகளின் இடுப்பில்
வெள்ளை பெயின்ட்டில் எண்கள்.
வண்ணாமடை வனஜாட்சி வீடு எது என்றால்
ஒருவருக்கும் தெரியவில்லை.
"நடிச்சுட்டு இருந்த மாராத்தாளா?
கடலைக் களத்தை ஒட்டினாப்ல" என்றார் பஞ்சர் கடைக்காரர்,
டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி.

இருபத்தாறு படங்கள்.
அவள் முகம், என் குரல்.
நாங்கள் சந்தித்ததே இல்லை.

நான் அறிந்ததெல்லாம் மேக்கப்காரர்கள் சொன்னது.
பதினான்கு வயதில் பொள்ளாச்சி நாடகக் கம்பெனி.
முதல் வேடம் சிம்மாசனத்துக்குப் பின்னால்
விசிறி பிடிப்பது.
ராணிக்கு அம்மை கண்ட இரவு
கிரீடம் காதுவரை இறங்க,
உள்ளே ஈரத் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு
நடுமேடைக்கு வந்தாள்.
கொழிஞ்சாம்பாறைத் திடலில் மைக் செத்துப்போய்
ஆடிக் காற்று கணவாய் வழியே கொட்டிக்கொண்டிருந்தது.
அவள் சாபமிட்டதும்
கடைசி வரிசை வண்டிக்காரர்கள் எழுந்து நின்றார்களாம்,
சாபம் தங்களுக்கென்று எண்ணி.

அந்தத் தொண்டையைத்தான் சினிமா வேண்டாம் என்றது.
மலையாளத்தில் தமிழ் வாடை,
தமிழில் மலையாள இழுப்பு என்றார் டைரக்டர்.
ஆகவே கோடம்பாக்கத்தில் நான்,
ரீலுக்கு முப்பது ரூபாய்.

அப்போதெல்லாம் லூப்.
துண்டு ஃபிலிம் வளையமாகச் சுற்றும்.
நாற்பது தடவை கதவைத் திறப்பாள்,
நாற்பது தடவை மகனின் செருப்பைப் பார்ப்பாள்.
அவள் எங்கே மூச்சிழுப்பாள் என்று
அவளுக்கே தெரியாது, எனக்குத் தெரியும்.
ஒரு படத்தில் இருந்த முன்பல்
அடுத்த படத்தில் இல்லை.
என் உச்சரிப்பைக் கொஞ்சம் ஓட்டையாக்கிக்கொண்டேன்.

பத்து வருஷம் கொடுமைக்கார மாமியார்.
நான்கு வருஷம் பிணத்தருகே தாய்.
கடைசியில் வசனமே இல்லாத கட்டில் கிழவி.
அதற்கு இருமல் மட்டும் கொடுத்தேன்,
பாதிச் சம்பளம்.

நடுவே ஒருமுறை விருதுக் கமிட்டி
அவள் பெயரை எடுத்துப் பார்த்துவிட்டு
குரல் சொந்தமில்லை என்று திரும்ப வைத்தது.
அந்த வாரம் பல்வலி என்று சொல்லி
நான் ஸ்டுடியோவுக்குப் போகவில்லை.

விருதுக்குப் போன காட்சி இதுதான்:
மகன் பாயில் கிடக்கிறான்.
தாளில் இருந்தது, "மோனே, கண்ணு தொறக்கு."
ஒரே ஒரு மகரம்.
திரையிலோ அவள் உதடு மூன்று முறை மூடியது.
என்ன சொன்னாள் என்று
ஒரு பகல் முழுக்க லூப்பை ஓட்டவிட்டுப் பார்த்தேன்.
பிறகு கைக்கு வந்த வித்தை,
ஒரு மோனேயை மூன்று மோனே ஆக்கினேன்.
கேரளம் அந்த மூன்றுக்குத்தான் அழுதது.

களத்தில் தலைமுண்டு கட்டிக் குனிந்திருந்தாள்.
காக்கையைப் பார்த்து ஒரு "ஏய்."
அடுத்த தோட்டத்து ஆட்கள் திரும்பினார்கள்.
"வணக்கம்மா" என்றேன்.
அவள் கை நின்றது.
"அட, நானே பேசற மாதிரி இருக்குது?"

அவித்த கடலை கொடுத்தாள்.
ஆளியாற்றுத் தண்ணீர் இந்த வருஷமும்
சரியாக விடவில்லை என்றாள்.
இரண்டு கைப்பிடி தின்றபின் கேட்டேன்.
"அதா? தண்ணி கேட்டேனுங்க.
லைட்டுச் சூட்டுல நாக்கு ஒட்டிக்கிச்சு."
அவள் சிரித்தாள். நானும்.

தண்ணி என்று சொல்லிப் பாருங்கள்.
உதடு ஒட்டாது.
இது எனக்குத் தெரியும் என்பது
அவளுக்கும் தெரியும்.
தொலியைக் கூட்டி அள்ளினாள்.
நான் செருப்பைத் தேடினேன்.

செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தி
கள்ளு கேனுக்காக சீட்டடியில் குனிந்து பார்த்தார்கள்.
நான் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தேன்,
உதடு மூன்று முறை மூடும்படி
ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு வசவு.
முன்சீட்டுத் தோளில் கிடந்த குழந்தை
கிணத்துக்கடவு வரை
என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தது.