எங்கட பெடியன்

ஞாயிறு பின்னேரம் ஆறரை.
விசுவமடுவில் என் கராஜ்.
கொம்பிரஷருக்கு மேல் ரீவி,
அதற்கும் மேல் ஒரு பல்லி.
எந்த ஊரோ, மழை பெய்கிறது,
இருபது கார் தண்ணியைக் கிழித்துக்கொண்டு வளைகின்றன.

வர்ணனையாளன் இங்கிலீசில் மூச்சு வாங்குகிறான்.
யதுசன் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறான்:
"எங்கட பெடியன் இப்ப ரெண்டாம் இடம்.
எங்கட பெடியன்ர ரயர் இன்னும் பத்துச் சுத்துத் தாங்குமாம்."

"ஆரடா எங்கட பெடியன்?"
ஓட்டோவுக்குக் கீழே கிடந்து கேட்டான் கெங்காதரன்.

யதுசன் வாயை மூடினான்.
ஏழு வருசம் லண்டனில் கோழி பொரித்தவன்.
ஒரு விடியப்புறம் கதவைத் தட்டி,
இரண்டு பக்கமும் ஆளிருத்தி,
பிளேனில் ஏற்றி விட்டார்கள்.

'அவர்' என்றுதான் என் காதில் விழுகிறது.
தமிழில் அவர் என்றால் தள்ளி நிற்கிற ஆள்.
இங்கிலீசில் அதே சத்தத்துக்கு
எங்கட என்று அர்த்தமாம்.

அந்தப் பெடியன் குறுக்கே வெட்டினால் துணிச்சல்.
அதையே மற்றவன் செய்தால்
விசாரிக்க வேண்டுமாம்.
எனக்கு இது புதிசில்லை.
மூன்று ரேடியோ கேட்டு வளர்ந்தவன் நான்.
ஒன்றில் இருபது பேர், ஒன்றில் இருநூறு,
ஒன்றில் அப்படியொரு இடமே இல்லை.
மூன்றையும் கூட்டிக் கழித்துத்தான்
அம்மா சைக்கிளை எந்த ரோட்டில் திருப்புவதென்று பார்ப்பா.

சத்தத்தை நிப்பாட்டினோம்.
பதினேழாம் இடத்தில் ஓடிய பச்சைக் காரை
நாங்கள் எடுத்துக்கொண்டோம்.
ஓட்டுகிறவன் எந்த நாடு, ஒருத்தருக்கும் தெரியாது.
கெங்காதரன் ஸ்பானரை மைக்காகப் பிடித்தான்:
"விடாத, விடாத, உள்ளால போ ராசா!"
ஐந்து நிமிசம் இருக்காது,
பச்சை ஒருத்தனைச் சுவரோடு சாத்தியது.

"அவன்தான் குறுக்க வந்தவன்!"
கத்தியது நான்.
பல்லி சொல்லியது,
ஆமென்றோ, அட வெட்கங்கெட்டவனே என்றோ.

பிறகு, கமரா வேறு ஆரையோ காட்டிக்கொண்டிருக்க,
திரையின் ஓரத்தில் கொஞ்சம் புகை.
இடப்பக்கப் பட்டியலில் ஒரு பெயர்
அடிக்கு இறங்கிச் சாம்பல் நிறமானது.
நீலப் புகை, ஒயில் எரிகிறது,
பிஸ்டன் ரிங் போயிருக்க வேணும்.
அதை நான் கண்டேன்.
திரும்பக் காட்டுவார்கள் என்று பார்த்திருந்தோம்.

யதுசன் எழும்பிப் போய்ச் சத்தத்தைக் கூட்டினான்,
பெயரையாவது ஒருக்கால் சொல்லுவார்கள் என்று.

"என்னவாம்?"

கொஞ்ச நேரம் காது கொடுத்தான்.

"எங்கட பெடியனுக்கு
ரயர் தேய்ஞ்சு போச்சாம்."

இந்தமுறை ஒருத்தரும்
ஆரென்று கேட்கவில்லை.