மூவாயிரம் நம்பர்

கல்லுக்கு வெளிச்சம் கிடையாது.
பதினாறு வருஷம் பாலிஷ் மெஷின் பிடித்தவன் சொல்கிறேன்.
அறுபதாம் நம்பரில் தொடங்குவோம், கல் நரைத்துப்போகும்.
நூற்றிருபது, இருநூற்றிருபது, நானூறு.
தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்,
இல்லையென்றால் கருகும்.
மூவாயிரத்தில் உங்கள் முகம் தெரியும்.
கீறல் போய்விட்டது என்று நினைப்பீர்கள்.
போகவில்லை.
கண்ணுக்கு எட்டாதபடி
சின்னச் சின்னதாகக் கீறியிருக்கிறோம்,
அவ்வளவுதான்.

ஜெகதேவி சாலையில் அந்த வீடு.
வாசலில் டி. எம். ராயன், பித்தளை எழுத்து.
ரேஷன் கார்டில் திம்மராயன்.
காவேரிப்பட்டணம் மாங்காய் மண்டியில்
கூடை இறக்கிய காலத்தில் வெறும் திம்மன்.

மண்டிக்காரர் மகள் வனஜாட்சி
கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
பரீட்சைக்குப் படிப்பாளாம்.
ஒருநாள் பழுத்த பெங்களூரா ஒன்றை நீட்டி
"அடிபட்டது, நீயே தின்னு" என்றாளாம்.
அடிபட்டது என்ற சொல்லை மட்டும் தள்ளிவிட்டு
இருபத்திரண்டு வருஷம்
மீதியை வைத்துக்கொண்டிருந்தார்.

குவாரி வந்தது. அதன் பின்னால் லாரி.
லாரிக்குப் பின்னால் கப்பல்.
பர்மிட்டில் நூறு கனமீட்டர், பள்ளத்தில் ஆயிரம்.
கேட்டால், "மலை என்ன எண்ணியா குடுக்குது?" என்பார்.
பைபாஸ் திறந்த பிறகும்
பெங்களூருக்குப் போகிற அவர் கார்
ஓசூருக்குள் நுழைந்து
அவள் வாக்கப்பட்ட தெரு வழியாகத்தான் வெளியே வரும்.
டிரைவர் சொல்லிச் சிரிப்பான்.
நானும் சிரித்திருக்கிறேன்.

கூடத்துத் தரைக்கு மட்டும் நாற்பது நாள்.
ராத்திரி பத்து மணிக்கு வந்து குனிந்து பார்ப்பார்.
"இன்னும்."
"ஐயா, இதுக்கு மேல நம்பரே இல்ல."
"இன்னும்."

கிரகப்பிரவேசத்துக்கு அவள் வந்தாள்.
புருஷன் போனில் பேசியபடி பின்னால்.
படியேறிக் கூடத்தைப் பார்த்ததும்
அணைத் தண்ணீரில் இறங்குகிறவள் போலப்
புடவையைத் தூக்கினாள்.
உடனே விட்டாள்.
காலடியில் இன்னொருத்தி
அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.
கொசுவத்தை முழங்காலோடு சேர்த்துப் பிடித்தாள்.
அப்போதுதான் கவனித்தேன்,
காலையிலிருந்து எல்லாப் பெண்களும்
அப்படியே பிடித்துக்கொண்டு
சுவரோரமாகவே நடந்திருக்கிறார்கள்.
நாற்பது நாளில் இது எனக்கும் தோன்றவில்லை,
அவருக்கும் தோன்றவில்லை.

பேங்க் ஆட்கள், லீசுக்காரர்கள், சம்பந்திகள் நடுவில்
அப்பா கூப்பிடுகிற அதே குரலில் அவள் கூப்பிட்டாள்:
"திம்மா, ஒரு ஜமக்காளம் கொண்டா."

"வந்துட்டேம்மா."

பட்டுவேட்டி காலைத் தடுக்க ஓடினார்.
தோளில் போட்டுக்கொண்டு வந்தார், கூடை மாதிரி.
விரித்தார். முட்டி போட்டு மடிப்பை நீவினார்.
என் நாற்பது நாளும் அதற்கடியில் போனது.

பெரிய அவமானம் என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள்.
குனிந்திருந்ததால் அவர் முகம் யாருக்கும் தெரியவில்லை.
நான் தரையில் பார்த்தேன்.
சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கோடைக்குப் பிறகு குவாரிக்கு சீல் வைத்தார்கள்.
பேங்க் நோட்டீசைப் பித்தளை எழுத்தின் மேலேயே ஒட்டினார்கள்,
ராயனில் ன் மட்டும் வெளியே தெரிந்தது.
குப்பம் பக்கம் இருக்கிறார் என்கிறார்கள்.
மண்டி வாசலில் பார்த்தேன் என்று ஒருவன்.
அவள் விசாரித்தாளா தெரியாது.
பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கிறது,
மேகம் வந்தால் உள்ளேயும் மேகம்.
ஆடு மேய்க்கிறவர்கள் கிட்டே விடுவதில்லை.

சம்பள பாக்கிக்கு
மிஞ்சிய துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.
ரேணுகா அதில் சப்பாத்தி தேய்க்கிறாள்.
மாவு தூவுவதற்கு முன்னால் ஒரு நொடி
குனிந்து
நெற்றி முடியை ஒதுக்கிக்கொள்கிறாள்.
யாருக்கு என்று நான் கேட்டதில்லை.