லேபிள் உரிந்த இரண்டு பாக்கெட்

டிரான்ஸ்பார்மர் வெடித்து ஆறு மணி நேரம்.
பெரம்பூர் கோல்டு ஸ்டோரேஜில்
ஃப்ரீசர் வியர்க்கத் தொடங்கியதும்
முதலாளி கையை விரித்தார்:
ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கோங்க,
இன்னிக்கே சமைச்சிடணும்,
நாளைக்கு வயித்த வலிச்சா என்னைக் கேக்கக் கூடாது.

ஏழு வருஷமாய் பில் போட்ட பொருளை
முதன்முறையாக என் பையில் போட்டேன்.
ஒன்று கோழி சாசேஜ், ஒன்று பன்றி.
எடை தெரியும், விலை தெரியும்,
ரயில்வே குவார்ட்டர்ஸில் எந்த வீட்டுக்கு
சனிக்கிழமை எது போகும் என்று தெரியும்.
ருசி தெரியாது.

ஷேர் ஆட்டோ
வியாசர்பாடி சுரங்கப்பாதை தாண்டுவதற்குள்
ஐஸ் உருகி என் மடி நனைந்தது.
பக்கத்தில் இருந்தவர் குனிந்து
குழந்தை எங்கே என்று தேடினார்.

ஹவுசிங் போர்டு, இரண்டாவது மாடி.
இங்கேயும் கரண்ட் இல்லை.
டம்ளரில் செல்போனைச் செருகி டார்ச் போட்டுப் பார்த்தால்
லேபிள் இரண்டும் உரிந்து
பையின் அடியில் கூழாய்க் கிடக்கின்றன,
ஹலால் முத்திரையோடு.
இரண்டு பாக்கெட்டிலும் ஒரே ரோஸ், ஒரே விரல் தடிமன்.
மோந்து பார்த்தேன்.
குளிர்தான் மணத்தது.

எதுவா இருந்தா இன்னா, போடு, என்றார் எபிநேசர்
ஹார்பர் தூசி போகாத கையோடு.
எங்களுக்கு ஒன்றுமில்லை.
ஆனால் மத்தியானமே போனில் சொல்லிவிட்டேன்,
ஜபீனா, உன் பையனுக்குக் கோழி சாசேஜ் கொண்டாரேன்.
இதோ வாசலில் நிற்கிறான் ரிஸ்வான்,
தட்டோடு.

அதனால் வரிசையை மாற்றினேன்.
பாக்கெட்டுகளைத் தூரத் தள்ளி
மூன்று தரம் சோப்புப் போட்டுக் கை கழுவி
கத்தியை முதலில் காய்க்குக் கொடுத்தேன்.
வெங்காயம் நீளநீளமாய்.
குடமிளகாயைப் பிளந்தால் காலி வீடு,
விதைகள் மட்டும்
காலி பண்ண மாட்டோம் என்று ஒரு மூலையில்.
பெரிய சட்டி, எங்களுக்கும் ஜபீனாவுக்கும் பொது.
பக்ரீத் வந்தால் அந்தப் பக்கம்,
ஞாயிற்றுக்கிழமை போட்டி வறுக்க இந்தப் பக்கம்.
எண்ணெய் புகைந்ததும் கொட்டினேன்.
கிளறவில்லை.
மிளகாய்த் தோல் அங்கங்கே கருகி
வெங்காயம் விளிம்பில் பழுப்பேறும்வரை
சும்மா நிற்பதுதான் கஷ்டம்.
உப்பு, இடித்த மிளகு,
பழக்கதோஷத்தில் அரை ஸ்பூன் கறிமசால்.

பாதியைத் தட்டில் போட்டேன்.
இவ்ளோதானா ஆன்ட்டி?
லேபிள் போச்சுடா.
சுவருக்கு அந்தப் பக்கம் ஜபீனா சிரித்தாள்:
கறி கேட்டா காய் குடுக்கறா பாரு.

பிறகு நெளிந்த வாணலியில்
எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன்.
கொஞ்சம் தண்ணீர், மேலே மூடி.
தண்ணீர் வற்றியதும் தோல் இறுகி
தன் கொழுப்பிலேயே உருள ஆரம்பித்தன.
குடலுக்குள் கறி.
நான் குடலைத் திருப்பிப் போட்டு அலசுகிறவள்,
யாரோ உள்ளே அடைத்தே அனுப்பியிருக்கிறார்கள்.
ஒன்று வெடித்து என் மணிக்கட்டில் துப்பியது.
மீதிக் காயைச் சேர்த்து ஒரு புரட்டு.

தட்டு திரும்பி வந்தது.
காலியாக வந்தால் அது எங்கள் மாடி இல்லை.
நான்கு பன், பேக்கரிச் சூடு ஆறாமல்.
பிளந்து வைத்துத் தின்றோம்.
எபி ஒரு கடிக்குக் கோழி என்றார்,
அடுத்த கடிக்குப் பன்றி என்றார்,
மூன்றாவதுக்கு வாய் பேசவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு விளக்கு வந்தது.
பிளாக் முழுக்க ஓவென்று கத்தினார்கள்.
பைக் கூழை நகத்தால் பிரித்துப் பார்த்தேன்.
விலை மட்டும் படிக்க முடிந்தது.

வாணலியை எங்கள் ஆணியில் மாட்டினேன்.
பொதுச் சட்டியை முன்பே தனியாகக் கழுவி
ஜபீனா வாசலில் கவிழ்த்தாயிற்று.
நாளை அவளுக்கு வேண்டும்,
காசிமேட்டிலிருந்து சங்கரா வருகிறதாம்.