யானைமலையை வைத்தாலும்

கத்திரி வெயில்.
பெரியாஸ்பத்திரி ஆக்சிஜன் டேங்க்கின்
குழாய்மேல் மட்டும் பனி பூத்திருக்கிறது.

வேலியோரம் பீடியை உதட்டில் வைத்த
உசிலம்பட்டி காசிமாயனிடம்
லைட்டரைப் பிடுங்கிக்கொண்டேன்.
உள்ளே பியூட்டேன் தளும்புகிறது:
இந்த வெக்கையிலும்
லேசாக அமுக்கினாலே திரவமாகிவிடும் சாது.

டேங்க்கில் இருப்பது வேறு ரகம்.
யானைமலையைத் தூக்கி மேலே வைத்தாலும்
இந்தச் சூட்டில்
நெருக்கியடித்து நிற்குமே தவிர
திரவமாகாது.
சுழியத்துக்கும் கீழே
நூற்றுப் பதினெட்டு டிகிரி இறங்கிய பிறகுதான்
அழுத்தம் சொல்வது அதன் காதில் விழும்.

"அது கெடக்கட்டும்மா.
எந்தம்பிக்கு ராத்திரிக்குப் பத்துமா?"

மீட்டரைப் பார்த்தேன்.
முள் பாதிக்கு மேல்.
குழாய்க்குள் ஏதோ ஒரு சொட்டு
அந்நேரம்தான் கொதித்து, காற்றாகி
மூணாவது மாடிக்கு
ஏறிக்கொண்டிருந்தது.