ஈரப்பதம் பதினேழு

இளஞ்சியம் பகலில் கல்யாணங்களை வெட்டுகிறாள்,
திருத்துறைப்பூண்டியில், மருந்துக்கடை மாடியில்.
மாப்பிள்ளை கொட்டாவி விட்டால் எடுத்துவிடுவாள்.
பந்தியில் இலையை மூடாமல் எழுந்துபோன சித்தப்பாவை எடுத்துவிடுவாள்.
எடுத்த எதையும் எறிந்ததில்லை.
கம்ப்யூட்டரில் ஒரு போல்டர், பெயர் ‘உமி’.
அரிசியைத்தான் வீட்டுக்காரர்கள் வாங்கிப்போவார்கள்.

மூடிக்கிடந்த டாக்கீஸை மண்டபமாக்கியபோது
பழைய பிரிண்டுகளை எடைக்குப் போட்டார்கள்.
இரண்டு சாக்கு, கிலோ பதினெட்டு ரூபாய்.
அவள் சீட்டு எடுத்திருந்த மாதம் அது.

ஒன்பது ரோலை வைகாசியில் புதைத்தாள்,
முள்ளியாற்றுக்குத் தெற்கே
மருதையன் குத்தகை வயலில், முழங்கால் ஆழத்தில்.
அவரிடம் சொன்ன காரணம்: வேண்டுதல்.
என்னிடம் சொன்னது: “மண்ணு எடிட் பண்ணட்டும்.”

கடைமடைக்குத் தண்ணீர்
சொன்ன தேதிக்கு எந்தக் காலத்தில் வந்திருக்கிறது?
அந்தத் தைரியத்தில் ஆனிக் கடைசி என்று நாள் குறித்திருந்தாள்.
அந்த வருஷம் பார்த்து முன்னதாக வந்துவிட்டது.
ஊரே வாய்க்கால் கரையில் பூவும் நெல்லும் தூவி நிற்க
ஒருத்தி மட்டும் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தாள்,
சேற்றில் தோள்வரை கைவிட்டுத் துழாவியபடி.

மூன்று கிடைத்தது.

கொள்முதல் நிலையத்துக்குத்தான் தூக்கிவந்தாள்.
எனக்கு அங்கே பில் எழுதுகிற வேலை,
சீசன் இல்லாத நாளில் கொட்டகையில் நானும் எலிகளும்.
தார்ப்பாயில் பரப்பிக் காயவைத்தோம்.
சும்மா இருக்காமல் ஒரு துண்டை
ஈரம் பார்க்கும் மீட்டரில் போட்டேன்.
கோடு கோடாகக் காட்டியது.
நெல் இல்லை என்பது அதற்குத் தெரிந்துவிட்டது.
வேறு என்ன என்பது எங்களுக்கும் தெரியவில்லை.

கதாநாயகன் நெற்றியில் நண்டு துளைத்த ஓட்டை.
சுடுகிறான், துப்பாக்கி இருந்த இடத்தில்
யூரியா பூத்த மாதிரி வெள்ளை.
கதாநாயகி அழுதிருக்க வேண்டும்,
முகம் கரைந்து அடுத்த கட்டத்தில் வண்டலாகச் சேர்ந்திருந்தது.
அதற்கடுத்த கட்டத்தில் வரப்பு மாதிரி ஒன்று.
அதை யாரும் படம்பிடிக்கவில்லை.

ராத்திரிகளில் லைட்டுப் பெட்டிமேல் வைத்து
ஒவ்வொரு கட்டமாகப் போனில் எடுத்தாள்.
பத்தாயிரத்துச் சொச்சம்.
நடுவில் கண்கட்டி வந்தது, அதோடும் எடுத்தாள்.

கொட்டகையில் திரையிட்டோம், ஐப்பசியில்.
திரை அதே தார்ப்பாய், திருப்பிக் கட்டியது.
வந்தவர்கள் இருபத்தோரு பேர்.
அதில் ஆறு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
பதின்மூன்றாம் நிமிஷம் ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது.
இருட்டு. ஓட்டின்மேல் மழை.
“முடிஞ்சிட்டா?” என்றான் மூட்டை தூக்கும் சிங்காரம்.
இன்னும் ஒன்பது நிமிஷம் பாக்கி.
“முடிஞ்சிட்டு” என்றாள்.
அன்றிலிருந்து அது பதின்மூன்று நிமிஷப் படம்.
மீதியை அழித்துவிட்டதாகச் சொல்கிறாள்.
உமியில் இருக்கும்.

நாலாம் நாள் மப்டியில் ஒருவர் வந்தார், டீ வாங்கிக்கொடுத்தார்.
அனுமதி இல்லாத கூட்டமாம்.
“படம் யாருக்கு எதிரா?”
போட்டுக் காட்டினாள்.
இரண்டுதரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்:
வசனம் இல்லை. கொடி இல்லை. தண்ணீர் மட்டும்.
பேனாவை மூடாமல் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார்.
தண்ணீர் மட்டும் என்றால்
இந்த ஜில்லாவில் அது கேஸா இல்லையா என்று
அவருக்குத் தீர்மானம் வரவில்லை.

போன வாரம் என் மைத்துனன் கல்யாணத்தை வெட்டினாள்.
தாலி கட்டும்போது பந்தல் ஒழுகிய நாலு நொடியைக் காணோம்.
கேட்டேன். “எடுத்துட்டேன்” என்றாள்.
எந்த அர்த்தத்தில் என்று கேட்கவில்லை.

மீதி ஆறு ரோல் இன்னும் உள்ளேதான்.
அதன்மேல் மூன்று போகம் உழுதாகிவிட்டது.
தை மாசம் மருதையன் அந்த வயல் நெல்லைக் கொண்டுவந்தார்.
ஒரு கைப்பிடி அள்ளி மீட்டரில் போட்டேன்.
பதினெட்டு புள்ளி இரண்டு.
பதினேழுக்கு மேல் எடுக்கக்கூடாது, திருப்பி அனுப்ப வேண்டும்.

பதினேழு என்று எழுதினேன்.
சிங்காரம் மூட்டையைத் தூக்கினான்,
தோள் மாற்றிக்கொண்டு
“என்னமோ கனக்குது” என்றான்.